ஆறேகால் அடி

தம்பி,

நேற்று மதியம் நீ அனுப்பிய ஆள் வந்தான். பெரம்பலூரிலிருந்து வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்தவனை வாசலில் நிற்க வைக்க மனமில்லாமல் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தேன். "சாரு மூணு எடத்துல கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாருங்கம்மா. குறி போட்டிருக்காராம், படிக்கக்கூட வேணாமாம்" என்றான். பிரித்துப் பார்த்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி. அப்படிக் குறி போடச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். இரண்டில் ஒன்றைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறாய். ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கையெழுத்துக்குப் பதில் இந்தக் கடிதம் வருகிறது. இதையாவது நீயே உட்கார்ந்து படி.

அம்மாவுக்குக் கோபம் தீர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பாய். தீரவில்லை. அறுபத்தொரு வயதில் முட்டி வலிக்கிறது, கண் மங்குகிறது, கோபம் மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை. உனக்கு என்ன வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். கல்லங்குறிச்சி ரோட்டை ஒட்டி என் எண்பது சென்ட் கிடக்கிறது. அதற்கு நேர் பின்னால் நீயும் உன் கூட்டாளிகளும் வாங்கிய மூன்று ஏக்கர். அரியலூர் ஜில்லா ஆனது, ஒரு வருடத்தில் இல்லாமல் போனது. அது மறுபடி வரும் என்று பேச்சு அடிபட்ட நாளிலேயே நாற்பது மனை பிரித்துக் கல் நட்டுவிட்டாய். இப்போது ஜில்லாவும் வந்துவிட்டது. ஆனால் அந்த நாற்பது மனைக்கும் வழி என் நிலத்தின் மேல்தான். நான் வழி விட்டால் அது நகர். விடாவிட்டால் சோளக்கொல்லை. இத்தனை நாள் சோளக்கொல்லையாகவே வைத்திருந்தேன். காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து உன் மனைக் கற்களுக்கு நடுவே ஆடு மேய்வதைப் பார்ப்பேன். மனசுக்கு நன்றாக இருக்கும்.

உன் வீட்டுக்கு வாசக்கால் வைத்த அன்று இது தொடங்கியது. இரண்டு வருடம் முன்பு, உன் அப்பாவும் இல்லாமல் நான் ஒற்றையாக இருந்தபோது, "தனியா எதுக்கும்மா கெடக்குற, எல்லாரும் ஒண்ணா இருப்போம்" என்று நீ சொன்னதை நம்பி, நானும் உன் அப்பாவும் கட்டிய அரியலூர் வீட்டை விற்று உன் கையில் கொடுத்தேன். பெரம்பலூரில் உன் மனையில் அஸ்திவாரம் எழும்பி, வாசக்காலுக்கு மஞ்சள் பூசிப் பூ சுற்றி நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சிமென்ட் மூட்டை மேல் கிடந்த பிளானை எடுத்து விரித்தேன். முப்பத்தோரு வருடம் அரசாங்க ஆபீஸில் டிரேசராக உட்கார்ந்து, இன்ஜினியர்கள் கிறுக்கியதையெல்லாம் டிரேசிங் தாளில் மையால் வரைந்து கொடுத்தவள் நான். ஒரு பிளானைப் பார்த்தால் அந்த வீட்டில் யார் எங்கே உட்கார்ந்து அழுவார்கள் என்பதுவரை சொல்லிவிடுவேன். பெட்ரூம் மூன்று. பூஜை அறை. கார் நிற்க இடம். காரை விடப் பெரிய கூடம்.

"என் ரூமு எங்க தம்பி?" என்று கேட்டேன்.

நீ விரலை மாடிப்படிக்கு அடியில் வைத்தாய். "இதாம்மா. அப்ரூவலுக்காக ஸ்டோர்னு போட்டிருக்கு. ஒனக்கு இது போதும்ல?"

ஏழடிக்கு ஆறேகால் அடி. ஜன்னல் இல்லை. உன் பெண்டாட்டி முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அந்தப் பெண்ணை இதில் இழுக்க மாட்டேன், கோடு போட்டது நீ. ஆனால் எனக்கு ஆத்திரம் வந்தது ஜன்னல் இல்லாததற்காக அல்ல. அந்த ஆறேகாலுக்காக. ஆறரை என்று போடுவார்கள், ஆறு என்று போடுவார்கள். ஆறேகால் என்று யாரும் போட மாட்டார்கள், தம்பி. உலகத்தில் ஒரே ஒரு பிளானில்தான் அந்த அளவு இருந்தது. அதை வரைந்தவள் நான். நீ என் பழைய டிரேசிங் தாளை அடியில் வைத்து, படிக்கட்டை அப்படியே நகல் எடுத்திருக்கிறாய். புதிதாக வரையச் சோம்பல்பட்டு என் பாவத்தையும் சேர்த்து நகல் எடுத்துவிட்டாய்.

அந்த ஆறேகால் எப்படி வந்தது என்று உனக்குச் சொன்னதே இல்லை. தொண்ணூற்றைந்தில் நாம் வீடு கட்ட லோன் போட்டோம். நீ அப்போது டிப்ளமோ முதல் வருடம். உன் அப்பா ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலையில் ஷிப்ட் முடித்து, புருவமெல்லாம் சாம்பலாக வந்து, நான் வரைவதை எட்ட நின்று பார்ப்பார். கிட்டே வந்தால் தூசு விழும் என்று விரட்டுவேன். உன் அத்தை தையல்நாயகி அப்போது நம்மோடுதான் இருந்தாள். புருஷன் செத்து முப்பது வயதில் அண்ணன் வீட்டுக்கு வந்தவள். நான் காலை ஏழு மணி பஸ்ஸில் பெரம்பலூருக்கு ஓடுவேன். உனக்குச் சோறு ஊட்டியது, காய்ச்சலில் நெற்றிக்குப் பற்று போட்டது, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடித்தார் என்று போய்ச் சண்டை போட்டது எல்லாம் அவள். அவளுக்கு ஒரு அறை என்று பிளானில் முதலில் நான் போட்டதும் பெரிதாக ஒன்றும் இல்லை. மாடிப்படிக்கு அடியில் ஏழடிக்கு ஆறரை. 'ஸ்டோர்' என்று அழகாக எழுதினேன். என் எழுத்து அழகு என்று ஆபீஸே சொல்லும்.

தாளில் மை போட்டு முடித்த பிறகு உன் அப்பா, "பீரோவ மாடிக்கி ஏத்தணும்னா படி அகலம் பத்துமா?" என்று கேட்டார். பத்தாது. மறுநாள் பிளானைக் கொடுத்தாக வேண்டும். தாள் முழுவதும் திரும்ப வரைய எனக்குப் பொறுமை இல்லை. பிளேடை எடுத்து ஸ்டோர் சுவரை மட்டும் சுரண்டி, மூன்று அங்குலம் உள்ளே தள்ளி வரைந்தேன். ஆறரை, ஆறேகால் ஆனது. ஐந்து நிமிட வேலை. பீரோ சந்தோஷமாக மாடி ஏறியது.

குடிபோன அன்று உன் அத்தையின் கட்டில் உள்ளே போகவில்லை. ஏழடிப் பக்கம் படி சரிந்து இறங்கியது, ஆறேகால் பக்கமாகத்தான் கட்டில் போட முடியும். தச்சனைக் கூப்பிட்டுத் தலைமாட்டுப் பலகையையும் கால்மாட்டையும் அறுத்தோம். உன் அத்தை நம் வீட்டிலேயே உயரமானவள். முட்டியை மடக்கிப் படுத்துக்கொண்டாள். "ஒரே ஒரு சன்னல் மட்டும் வச்சுக் குடு அண்ணி, மூச்சு முட்டுது" என்று கேட்டாள். அடுத்த வருடம் என்றேன். அடுத்த வருடமும் அடுத்த வருடம் என்றேன். ஆறு வருடம். முதல்முறை ஜில்லா வந்து ஊரே வெடி வெடித்த வருடம் அவள் போய்ச் சேர்ந்தாள். கூடத்தில் கிடத்திக் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டும்போது முட்டி மடங்கியே நின்றது. இரண்டு பேர் பிடித்து அமுக்கினார்கள். நீ ஒரு காலைப் பிடித்தாய். அதை மறந்திருக்க மாட்டாய் என்று நினைத்திருந்தேன். அப்படியும் அதே அறையை அதே அளவில் உன்னால் வரைய முடிந்தது.

வாசக்கால் அன்று பிளானைச் சுருட்டி வைத்தேன். சர்க்கரைப் பொங்கல் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன். சண்டை போடாமல் போன அம்மாவைப் பார்த்து நீ பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. அரியலூரில் ஒரு போர்ஷனை வாடகைக்குப் பிடித்தேன். டிராயிங் போர்டைத் துடைத்து ஜன்னலோரம் போட்டேன். என் எண்பது சென்ட்டில் நீ ரோடும் ரோட்டோரம் கடையும் கனவு கண்டுகொண்டிருப்பது தெரிந்தே அதில் எட்டு வீடு வரைய உட்கார்ந்தேன். வயதானவர்கள் வாடகைக்கு இருக்க எட்டுச் சின்ன வீடுகள். புண்ணியத்துக்காக என்று ஊர் சொல்கிறது. நானும் தலையாட்டுகிறேன். உனக்கு உண்மையைச் சொல்கிறேன்: முதல் கோட்டை உன் மேல் உள்ள ஆத்திரத்தில்தான் போட்டேன்.

கூட்டாளியாக வந்தது ஜமீலா அக்கா. லெப்பைக்குடிகாட்டிலிருந்து சேலை மூட்டையோடு வந்து எங்கள் ஆபீஸ் பெண்களுக்குத் தவணையில் கொடுத்தவர், உனக்கும் தெரியும். மூன்று மகன்களும் துபாயில். பன்னிரண்டு அறை வீட்டில் ஒற்றை ஆளாக இருந்தார். "புள்ளைங்க காசு அனுப்புறானுவம்மா, அல்லாஹ் அவனுவளுக்கு பரக்கத்து செய்யட்டும். ஆனா வவுத்து வலின்னா காசுகிட்டயா போயி சொல்ல முடியும்? எனக்கும் ஒரு வூடு போடு" என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒரு மாதம் ஊர் ஊராக அலைந்தோம். பூலாம்பாடி வரைக்கும் போனோம். வயதானவர்களைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டோம், உங்களுக்கு வீட்டில் என்ன வேண்டும் என்று. முப்பது வருடத்தில் ஒரு இன்ஜினியரும் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை.

சத்துணவில் ஆயாவாக இருந்த ஒருத்தி, "படுத்தாப்புல இருந்தா ரோடு தெரியணும். பெருமா கோயிலுக்குப் போற சனத்தப் பாத்துக்கிட்டே கெடப்பேன்" என்றாள். ஜன்னலைத் தரையிலிருந்து இரண்டடியில் வைத்தேன். சிமென்ட் லோடு ஏற்றி இடுப்பு போன ஒரு பெரியவர், "கக்கூசுல புடிச்சி எழுந்திரிக்க ஒரு கம்பி" என்றார். எட்டு வீட்டிலும் கம்பி வைத்தேன். இன்னொரு அம்மா, "எங்கிட்ட ஒரு சாவி இருக்கணும்" என்றாள். வாடகைக்கு ஜமீலா அக்காதான் வழி சொன்னார். யாருக்கு எந்தப் பென்ஷன் வருகிறதோ அதில் கால் பங்கு, அதற்கு மேல் கிடையாது. துபாய்க் காசு வருகிறவர் கூடக் கொடுத்து மற்றவர்களைத் தாங்க வேண்டும் என்று அவரே தன் தலையில் போட்டுக்கொண்டார். என் ஓய்வுப் பணமும் அவர் வளையலும் அஸ்திவாரத்துக்கு என்று எடுத்து வைத்தாயிற்று. கட்டில் வைக்கிற அறை மட்டும் எனக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பத்தடிக்குப் பத்தடி. அதில் ஒரு அங்குலத்தைக்கூட யாரையும் தொட விடவில்லை.

இதற்குள் உனக்குச் சேதி வந்துவிட்டது. நேரில் வந்து சண்டை போட்டிருந்தால் நான் உன்னைப் பாதி மன்னித்திருப்பேன். நீ மனு எழுதினாய். 'என் தாயாருக்கு வயது மூப்பால் நினைவு தடுமாறுகிறது, அவர் கொடுத்துள்ள பிளானுக்கு அனுமதி வழங்க வேண்டாம்' என்று டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய். பிளான் அனுமதி ஆபீஸில் என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். அதிகாரி சின்ன வயசு, மரியாதை தெரிந்த பிள்ளை. சங்கடப்பட்டுக்கொண்டே, "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னைக்கி என்ன கெழமைங்க?" என்றார்.

"வெள்ளிக்கெழமைங்க சார். கெழமைய விடுங்க. ஒங்க மேசையில கெடக்குற லே-அவுட்டு பிளான்ல தெக்கால 'ஏற்கெனவே உள்ள ரோடு'ன்னு ஒண்ணு காட்டியிருக்குல்ல, அது ரோடு இல்லீங்க. என் கொல்லை. நான் உசுரோட ஒக்காந்திருக்கேன், என்னைக் கேக்காம என் மேல தார் போட்டுட்டான் என் மவன்."

அவர் மேசையில் இருந்தது உன் நாற்பது மனை பிளான். எனக்குத் தலைகீழாகத்தான் தெரிந்தது. தலைகீழாகப் பிளான் படிக்கத் தெரியாதவள் டிரேசரே இல்லை. அதிகாரி எழுந்து நிலப்படத்தைக் கொண்டு வரச் சொன்னார். இரண்டையும் ஒட்ட வைத்துப் பார்த்தார். பிறகு எனக்குக் காபி வாங்கி வரச் சொன்னார். உன் லே-அவுட் அன்றைக்கே நின்றது. என் எட்டு வீட்டுக்கு ஒரு மாதத்துக்குள் அனுமதி வந்தது. எனக்கு நினைவு தடுமாறவில்லை என்று நிரூபிக்க நீயே ஒரு வாய்ப்புக் கொடுத்தாய். பஸ்ஸில் திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து ஸீட் பெண் தள்ளி உட்கார்ந்தாள். பெற்ற பிள்ளை தோற்றதற்குச் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கப்பட வேண்டும்தான். வெட்கம் வரவில்லை. பெரம்பலூரில் உன் கூட்டாளிகள் உன்னை என்னவெல்லாம் கேட்டிருப்பார்கள் என்று நினைத்து நினைத்து ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன்.

ஆவணியில் எட்டு வீட்டிலும் பால் காய்ச்சினோம். ஒரு பக்கம் நாலு, எதிர்ப்பக்கம் நாலு, நடுவில் முப்பதடி. படி ஒன்றுகூட இல்லை, எல்லாம் சரிவுதான். நடுவில் உள்ள இடம் காலாற நடக்க என்று எல்லோரிடமும் சொன்னேன். அதன் கோடியில், உன் எல்லைக் கல்லை ஒட்டி, ஒரு சுவர் எழுப்பினேன். உன்னிடம் வேலை பார்த்த அதே கலியபெருமாள் மேஸ்திரிதான் எனக்கும் கட்டினார். அவர் ஒருநாள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார். "எல்லாத்தயும் சிமென்ட்டுல கட்டச் சொல்றீங்க. இந்த ஒரு செவுத்த மட்டும் ஏம்மா சேத்துல கட்டச் சொல்றீங்க? கடப்பாறைய வச்சா விழுந்துருமே."

"விழட்டும்" என்றேன்.

முப்பதடி என்ற அளவு ஏன் என்று அவர் கேட்கவில்லை. உன் மனைகளுக்கு ரோடு வேண்டுமென்றால் அகலம் அவ்வளவு வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? பழி வாங்குவதற்கும் நான் பிளான் போட்டுத்தான் செய்தேன், தம்பி. பழி எதுவரைக்கும் போகலாம் என்பதும் அந்தப் பிளானிலேயே இருந்தது. உன்னிடம் முன்பணம் கொடுத்த நாற்பது குடும்பமும் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதில் வயதானவர்களும் இருப்பார்கள். உன்னைத் தண்டிக்க அவர்களை வெயிலில் நிறுத்தினால், பீரோவுக்காகச் சுவரைத் தள்ளியவளுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

இனி நீ கேட்டதற்குப் பதில். வழி கேட்டு நீ அனுப்பிய காகிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அது திரும்பி வருகிறது, உன் பென்சில் குறிகளை ரப்பரால் அழித்திருக்கிறேன். அதோடு ஒரு நகல் வைத்திருக்கிறேன், பார். நடுவில் உள்ள முப்பதடியைப் பொது ரோடாக விட்டுத் தானப் பத்திரம் எழுதிப் போன வாரமே பதிந்துவிட்டேன். உனக்குத் தானம் இல்லை, ஊருக்கு. சேற்றுச் சுவரை நீயே வந்து இடித்துக்கொள்ளலாம். லாரி விடும்போது காலையும் மாலையும் விடாதே, எங்கள் ஆட்கள் நடக்கிற நேரம்.

என்னை உன் வீட்டுக்குக் கூப்பிடாதே. எனக்கு ஒன்றாம் நம்பர் வீடு இருக்கிறது. முதல் ஒரு வாரம் இரண்டடி ஜன்னலோரம் கட்டிலில் படுத்தும் எனக்குக் கால் நீட்டத் தோன்றவில்லை. மடக்கியே படுத்திருந்தேன். பிறகு பழகிவிட்டது. உன் படிக்கட்டுக்கு அடியில் உள்ள அறையை என்ன செய்வாயோ செய். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பழைய டிரேசிங் தாள் இன்னும் உன்னிடம் இருந்தால் கிழித்துப் போட்டுவிடு. அடுத்து யாராவது அதை அடியில் வைத்து வரைவார்கள். உனக்கும் ஒருநாள் முட்டி வலிக்கும்.

தானப் பத்திரத்தின் மூன்றாவது பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகாதே. ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த ரோட்டுக்குப் பெயர் தையல்நாயகி வீதி. உன் மனைகளுக்குள் அது எவ்வளவு தூரம் நீண்டாலும் அதே பெயர்தான். பெயர்ப் பலகையை நானே எழுதி நட்டுவிட்டேன், கண் மங்கியதில் எழுத்து முன்புபோல் இல்லை. இனி நீ நாற்பது மனைக்கும் பத்திரம் எழுதுவாய். ஒவ்வொரு பத்திரத்திலும் நான்கு எல்லையும் எழுத வேண்டும், வழி எதன் மேல் என்று எழுத வேண்டும், எழுதியதை வாங்குகிறவர் முன்னால் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நீ கையெழுத்துப் போட வேண்டும். நாற்பது முறை. பெயர் நீளம்தான். முழுதாக எழுது. அவளுக்கு ஒருமுறை மூன்று அங்குலம் குறைத்தாயிற்று, இதில் ஒரு எழுத்தும் குறையக் கூடாது.

அம்மா